வாழ்க்கைப் பாடமே வியாபாரப் பாடம்



'மார்க்கெட்டிங்' என்ற சொல்லைக் கேட்டதும் அது பெரிய கம்பெனிக்காரர்கள் சமாச்சாரம் என்று நம்மில் பலர் ஒதுக்கி விடுகிறோம். டெலிவிஷனில் விளம்பரம் கொடுப்பவர்களுக்கும், லட்சக்கணக்கில் பணம் கட்டிப் படித்தவர்களுக்கும் உரியது என்று நினைத்துக் கொள்கிறோம். உண்மையில் அது என்ன? வேண்டியவருக்கு, வேண்டிய நேரத்தில், அவர் கையில் உள்ள காசுக்கு ஏற்றபடி சரக்கைக் கொடுத்து, மறுபடியும் அவர் நம் கடைப் படி ஏறும்படி செய்வது. அவ்வளவுதான். இதைக் கற்றுக்கொள்ள வெளியூர் போக வேண்டியதில்லை. நம் வீட்டு அடுப்படியிலும், ஊர்ச் சூளையிலும், கல்யாணப் பந்தியிலும் இந்தப் பாடம் நாள்தோறும் நடந்து கொண்டுதான் இருக்கிறது.

இன்று இதைப் பேசுவதற்குக் காரணம் உண்டு. 2012-ஆம் ஆண்டில் சில்லறை வணிகத்தில் 51 சதவீதம் வரை அந்நிய முதலீட்டை மத்திய அரசு அனுமதித்தபோது நாம் கடையடைத்துப் போராடினோம். அது நியாயமான போராட்டம். ஆனால் இன்று போட்டி வேறு வழியாகவும் வந்து நிற்கிறது. வாடிக்கையாளர் வீட்டில் உட்கார்ந்தபடி போனைத் தட்டினால் சரக்கு வாசலுக்கு வருகிறது. பல கடைகளில் பிள்ளைகள் படித்துவிட்டு வெளியூர் போய்விட்டார்கள். 'நமக்குப் பிறகு இந்தக் கடையை யார் திறப்பார்கள்?' என்ற கேள்வி இரவில் கல்லாவைப் பூட்டும்போது பலருக்கும் வருகிறது. கடையில் நாலு காசு மிஞ்சும் என்று தெரிந்தால்தான் பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பார்கள். ஆகவே மிஞ்சும் வழியைப் பற்றிச் சிந்திப்போம்.

பாடம் 1: கையில் உள்ள காசுக்கு ஏற்ற அளவு

கூலி வேலைக்குப் போகும் குடும்பத்தில் எண்ணெய் எப்படி வாங்குகிறார்கள் என்று நமக்குத் தெரியும். அன்றைய கூலியில் அன்றைய எண்ணெய். அவர்களுக்கு லிட்டர் பாட்டில் வேண்டாம் என்று எண்ணமில்லை. அன்றைக்கு அவ்வளவு காசு கையில் இல்லை, அதுதான் விஷயம்.

இந்த எளிய உண்மையைப் பிடித்துக் கொண்டு நாடறிந்த வியாபாரம் செய்தவர்கள் நம் மாவட்டத் தலைநகரான கடலூரைச் சேர்ந்தவர்கள்தான். சின்னி கிருஷ்ணன் என்பவர் பவுடர் போன்ற சரக்குகளைச் சிறு பாக்கெட்டுகளில் அடைத்து, ஏழை எளியவரும் வாங்கும்படி விற்க வேண்டும் என்ற நோக்கத்தோடு உழைத்தார். அவர் காலத்துக்குப் பிறகு அவருடைய மக்கள் அந்த வழியில் ஷாம்பூவைச் சிறு பாக்கெட்டில் விற்றார்கள். அவர்களில் ஒருவரான சி.கே. ரங்கநாதன் குடும்பத் தொழிலிலிருந்து பிரிந்து வந்து, 1983-இல் 15,000 ரூபாய் முதலில் 'சிக்' ஷாம்பூவைத் தொடங்கினார். தந்தையின் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டே அந்தப் பெயர் அமைந்தது. அந்த நிறுவனம்தான் 1998 முதல் கெவின்கேர் என்று அழைக்கப்படுகிறது.

அவர் செய்தவற்றில் இரண்டு காரியங்களை மளிகைக்காரர்கள் உற்றுக் கவனிக்க வேண்டும். கிராமங்களில் ஷாம்பூ என்றால் என்னவென்று தெரியாத காலம் அது. ஊர் நடுவில் ஒரு பையனை உட்கார வைத்துத் தலைக்குத் தேய்த்துக் குளிப்பாட்டி, கூடியிருந்தவர்களை முடியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்கள். வாயால் ஆயிரம் சொல்வதைவிடக் கையால் ஒருமுறை தொட்டது பலித்தது.

இரண்டாவது காரியம் இன்னும் சாமர்த்தியமானது. எந்தக் கம்பெனியின் காலிப் பாக்கெட்டாக இருந்தாலும் ஐந்து கொண்டு வந்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்றார்கள். ஜனங்கள் பழகிய பிறகு, சிக் காலிப் பாக்கெட்டுக்கு மட்டுமே இலவசம் என்று மாற்றினார்கள். விளைவு என்ன? வாடிக்கையாளர் கடைக்கு வந்து பெயர் சொல்லியே கேட்க ஆரம்பித்தார். கேட்கும் சரக்கைக் கடைக்காரர் வைத்துத்தானே ஆக வேண்டும்?

சிறு பாக்கெட்டால் குப்பை பெருகியது என்ற குறையும் உண்மைதான். அதையும் மறைக்க வேண்டாம். நமக்கு வேண்டியது பிளாஸ்டிக் உறை அல்ல, அதற்குள் இருக்கும் யோசனை. காகிதப் பொட்டலத்தில் பத்து ரூபாய்க்கு ரசப்பொடிச் சாமான், இருபது ரூபாய்க்கு ஒருவேளைச் சாம்பார்ச் சாமான் என்று கேட்டவுடன் எடைபோட்டுக் கொடுக்கலாம். முன்கூட்டியே பொட்டலம் கட்டி வைத்து விற்பதானால் சட்டப்படி எடை, விலை, கட்டிய மாதம், பெயர், முகவரி எல்லாம் அச்சாகியிருக்க வேண்டும். அதை மறக்கக் கூடாது.

பாடம் 2: ஆற்றில் போட்டாலும் அளந்து போடு

நம் ஊர் விருத்தாசலத்தின் பழைய பெயர் திருமுதுகுன்றம். சுந்தரமூர்த்தி நாயனார் இங்கே விருத்தகிரீஸ்வரரிடம் 12,000 பொன் பெற்று, அதை மணிமுத்தாற்றில் இட்டுவிட்டு, திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்துக் கொண்டார் என்பது வரலாறு. ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடிய கதை என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் வியாபாரி கவனிக்க வேண்டிய இடம் வேறு.

பொன்னை ஆற்றில் இடுவதற்கு முன் அதிலிருந்து ஒரு சிறு துண்டை வெட்டிக் கையில் வைத்துக் கொண்டார் சுந்தரர். அதற்கு 'மச்சம்' என்று பெயர். குளத்தில் எடுத்த பொன்னை அந்த மச்சத்தோடு உரைத்துப் பார்த்தபோது மாற்று குறைவாக இருந்தது. மறுபடியும் பாடி முறையிட்ட பிறகுதான் சரியாயிற்று என்கிறது பெரிய புராணம். கொடுத்தவர் கடவுள். வாங்கியவர் அவருடைய தோழர். அங்கேயே மாதிரி வைத்துச் சரிபார்த்தார்கள் என்றால், மண்டியில் நூறு மூட்டை வாங்கும் நாம் மாதிரி வைத்துக் கொள்ள வெட்கப்படலாமா?

எங்கள் மொத்தக் கடையில் பேரம் முடிந்ததும் ஒவ்வொரு சரக்கிலும் கால் கிலோ எடுத்து, பையில் தேதியும் விலையும் எழுதிக் கட்டி வைக்கிறோம். லோடு வந்து இறங்கியதும் மூட்டையில் கம்பியைக் குத்தி எடுத்து, பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம். ஒருமுறை வெளியூரிலிருந்து வந்த துவரம் பருப்பு, காட்டிய மாதிரிக்கும் வந்த சரக்குக்கும் நிறத்திலேயே வித்தியாசமாக இருந்தது. பையைக் காட்டியதும் பேச்சே இல்லை. விலையைக் குறைத்துக் கொண்டார்கள். பை இல்லாவிட்டால் சண்டை வந்திருக்கும். சண்டை வந்தால் உறவும் போயிருக்கும்.

இதே மாதிரியைச் சில்லறைக் கடைக்காரர் வாடிக்கையாளரிடமும் பயன்படுத்தலாம். புது அரிசி வந்திருக்கிறதா? வழக்கமாக வாங்கும் பத்து வீட்டுக்கு ஒருவேளைச் சோற்றுக்குக் கால்படி கொடுத்து விடுங்கள். 'பொங்கிப் பார்த்துச் சொல்லுங்க அம்மா' என்று சொல்லுங்கள். இதற்கு ஆகும் செலவு எந்த விளம்பரப் பலகையைவிடவும் குறைவு.

பாடம் 3: சூளை சொல்லும் கணக்கு

நம் ஊர் பீங்கான் ஊர். பொம்மையும், அகல் விளக்கும், மின்சாரப் பியூஸ் கட்டையும் இங்கே செய்கிறார்கள். பொம்மை செய்யும் இடத்தில் நின்று பாருங்கள். மாவுச்சாந்தைப் பிளாஸ்டர் ஆப் பாரிஸ் அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்சுகிறது. வெளியே எடுத்த பொம்மையை நிதானமாக உலர்த்துகிறார்கள். அவசரப்பட்டால் விரிசல் விழும். பிறகு சூளையில் சுடுகிறார்கள். பச்சையாக இருந்த பொம்மையும் சுட்ட பொம்மையும் ஒரே அளவில் இருக்காது. பத்தில் ஒரு பங்கு வரை சுருங்குவது உண்டு. அதனால்தான் அச்சையே கொஞ்சம் பெரிதாகச் செய்து வைக்கிறார்கள்.

நம் லாபமும் அப்படித்தான். கொள்முதல் செய்யும்போது தெரிவது பச்சை லாபம். கல்லாவுக்கு வருவது சுட்ட லாபம். ஒரு கணக்கைப் பாருங்கள்.

சின்ன வெங்காயம் 100 கிலோ, கிலோ 40 ரூபாய் வீதம் 4,000 ரூபாய். ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, வண்டி வாடகை 200 ரூபாய். ஆக அடக்கம் 4,200 ரூபாய். கிலோ 50 ரூபாய்க்கு விற்றால் 5,000 ரூபாய் வரும், 800 ரூபாய் லாபம் என்று மனக்கணக்கு போடுகிறோம். ஆனால் காய்ந்ததும், சருகானதும், அழுகியதும் போக 8 கிலோ குறைந்தால் விற்பது 92 கிலோ. வரவு 4,600 ரூபாய். லாபம் 400 ரூபாய். சரக்கில் சுருங்கியது நூற்றுக்கு எட்டு. லாபத்தில் சுருங்கியது பாதி! இன்னும் வாடகையும் கரண்ட் பில்லும் கழிக்கவில்லை.

புளி, வெல்லம், பூண்டு, மிளகாய் எல்லாவற்றிலும் இந்தச் சுருக்கம் உண்டு. ஒவ்வொன்றிலும் எவ்வளவு என்று மூன்று மாதம் எழுதிப் பாருங்கள். பிறகு 'அச்சைப் பெரிதாக்குவது' எப்படி என்று தெரியும். சிலவற்றில் விலையைத் திருத்தலாம். சிலவற்றில் வாங்கும் அளவைக் குறைக்கலாம். எடையில் கை வைப்பது மட்டும் கூடவே கூடாது. தராசில் திருடியவன் தன் கடைப் பெயரைத் தானே விற்றவன் ஆவான்.

பாடம் 4: மாவு புளிக்கும் முன்

நம் வீட்டுப் பெண்கள் ஒரு மாதத்துக்கான இட்லி மாவை ஒரே நாளில் அரைப்பதில்லை. இரண்டு மூன்று நாளைக்கு அரைக்கிறார்கள். முடிந்ததும் மறுபடி அரைக்கிறார்கள். சரக்கு இருப்பைப் பற்றி இதற்கு மேல் ஒரு பாடம் வேண்டுமா?

1,000 ரூபாய்க்கு உளுந்தும் இட்லி அரிசியும் வாங்கினால் 60 ரூபாய்தான் நிற்கிறது என்று வைத்துக் கொள்வோம். மாதம் நான்கு முறை விற்று முடிந்தால் அதே 1,000 ரூபாய் 240 ரூபாய் சம்பாதிக்கிறது. இன்னொரு 1,000 ரூபாயை அழகான டப்பா பிஸ்கட்டில் போடுகிறோம். 200 ரூபாய் லாபம் என்று ஆசை காட்டுகிறார்கள். அது விற்க மூன்று மாதம் ஆனால் மாதத்துக்கு 67 ரூபாய்கூட இல்லை. தேதி முடிந்தால் முதலே போயிற்று. லாப சதவீதத்தை மட்டும் பார்க்காமல் எத்தனை முறை பணம் சுற்றி வருகிறது என்று பாருங்கள். 'பத்துப் பெட்டி எடுத்தால் ஒரு பெட்டி இலவசம்' என்று விற்பனைப் பிரதிநிதி சொல்லும்போது, அந்தப் பத்துப் பெட்டி எத்தனை நாளில் போகும் என்பதே முதல் கேள்வியாக இருக்கட்டும். மொத்த வியாபாரியான நாங்களே இதைச் சொல்கிறோம். கடையில் சரக்கு தேங்கி நின்றால் எங்களுக்கு வர வேண்டிய பணமும் அங்கேதான் தேங்கி நிற்கும்.

பாடம் 5: மொய் நோட்டு

இருபது வருஷத்துக்கு முன் நம் வீட்டுக் கல்யாணத்துக்கு யார் எவ்வளவு மொய் எழுதினார்கள் என்பது நோட்டில் இருக்கிறது. அவர் வீட்டு விசேஷத்துக்குப் போகும்முன் அதை எடுத்துப் பார்க்கிறோம். உறவுக்காரர் ஆயிற்றே, எழுதினால் தப்பாக நினைப்பாரே என்று யாரும் தயங்குவதில்லை. எழுதி வைப்பதால்தான் உறவு நிற்கிறது.

கடைக்கடனில் மட்டும் ஏன் தயக்கம்? கொடுக்கும்போதே இரண்டு நோட்டில் எழுத வேண்டும். ஒன்று நம்மிடம், ஒன்று அவரிடம். வாரம் ஒருமுறை, 'கணக்கை ஒருமுறை பார்த்துக்கலாங்களா' என்று சிரித்த முகத்தோடு கேட்க வேண்டும். ஆறு மாதம் வாய் மூடியிருந்துவிட்டு ஒருநாள் நாலு பேர் முன் கேட்டால் கடனும் வராது, ஆளும் வரமாட்டார். எதிர்க்கடைக்குப் போய்விடுவார். கடன் கொடுத்தால் பகை என்று பலகை மாட்டுவதைவிட, கணக்கு சுத்தமாக இருந்தால் பகையே வராது.

நூறு ரூபாய் விற்பனையில் 5 ரூபாய் நிற்கும் சரக்கில் 1,000 ரூபாய் நிலுவை வராமல் போனால், அதில் நம் முதல் 950 ரூபாய். அதை ஈடுகட்ட இன்னும் 19,000 ரூபாய்க்கு விற்றாக வேண்டும். இந்தக் கணக்கைக் கல்லாப்பெட்டிக்குள் ஒரு சீட்டில் எழுதி ஒட்டி வைப்பது நல்லது.

பாடம் 6: பந்தி விசாரணை

கல்யாணப் பந்தியில் நல்ல பரிமாறுபவர் யார்? இலையைப் பார்த்து நடப்பவர். குழந்தைக்குக் காரமில்லாமல் வைக்கிறார். பெரியவர் கேட்கும் முன் ரசம் ஊற்றுகிறார். பத்து வகை இருந்தும் விசாரிக்க ஆளில்லாத பந்தியில் சாப்பிட்டவர் மனம் நிறைவதில்லை.

வாடிக்கையாளரே சரக்கை எடுத்துக் கூடையில் போட்டுக் கொள்ளும் முறை 1916-இல் அமெரிக்காவில் மெம்பிஸ் நகரில் 'பிக்லி விக்லி' என்ற கடையில் வந்தது. அதற்கு முன் அங்கேயும் நம்மைப் போல் கடையாள்தான் எடுத்துக் கொடுத்தார். ஆள் செலவைக் குறைக்க வந்த முறை அது. அதில் மிச்சம் உண்டு. ஆனால் விசாரிப்பவர் போய்விட்டார். அந்த இடம்தான் இன்றும் நமக்கு மிஞ்சியிருக்கும் இடம்.

2020 மார்ச் மாதம் ஊரடங்கு வந்தபோது ஜனங்கள் தேடி வந்தது பக்கத்துத் தெரு மளிகைக் கடையைத்தான். எந்த வீட்டில் சர்க்கரை நோயாளி இருக்கிறார், எந்த வீட்டில் பச்சைக் குழந்தை இருக்கிறது என்பது நமக்குத் தெரிந்திருந்தது. இருந்த சரக்கைப் பகிர்ந்து கொடுத்தோம். அந்த நன்றி எல்லோரிடமும் நிலைக்கவில்லை என்று வருந்துகிறோம். நன்றியை நம்பி வியாபாரம் நடக்காது. விசாரிப்பைத் தொடர்ந்தால்தான் நடக்கும். வாட்ஸ்அப்பில் சீட்டு அனுப்பினால் கட்டி வைப்பது, வயதானவர் வீட்டுக்குப் பையனிடம் கொடுத்து அனுப்புவது, வாங்கிய பருப்பு வேகவில்லை என்றால் முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுப்பது, கொசுறாகக் கொஞ்சம் கறிவேப்பிலை. இவை எல்லாம் பந்தி விசாரணைதான்.

பாடம் 7: ஆடிப்பட்டம் தேடி விதை

விவசாயி பட்டம் பார்த்து விதைக்கிறார். கார்த்திகைக்கு அகல் விற்பவர் கார்த்திகையில் மண் பிசைவதில்லை. பல மாதம் முன்பே வேலையைத் தொடங்கி விடுகிறார். கடைக்கும் ஒரு பட்டக் கணக்கு வேண்டும். நம் பகுதியில் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு மணிலாவும் உளுந்தும் நெல்லும் வரும் காலத்தில் கிராமத்தார் கையில் பணம் புரளும். நெய்வேலிப் பக்கம் சம்பள நாளையொட்டி வியாபாரம் சூடு பிடிக்கும். மாசி மகத்துக்கு ஊர் முழுக்கக் கூட்டம். ஒரு பள்ளிக்கூட நோட்டில் பன்னிரண்டு மாதத்தையும் எழுதி, எந்த வாரம் எந்தச் சரக்கு ஓடியது என்று குறித்து வையுங்கள். இரண்டாவது வருஷம் அந்த நோட்டே உங்களுக்கு ஆலோசனை சொல்லும்.

இந்த மாதமே செய்ய வேண்டியவை

ஏழு பாடத்தையும் ஒரே நாளில் கடைப்பிடிக்க முடியாது. மூன்றை மட்டும் இந்த மாதம் தொடங்குவோம்.

ஒன்று: விலை மாறும் ஐந்து சரக்கை எடுத்துக் கொண்டு, வாங்கிய எடை, விற்ற எடை இரண்டையும் எழுதுவோம்.

இரண்டு: நிலுவை உள்ள ஒவ்வொருவரிடமும் மரியாதையாகக் கணக்கை ஒப்பிட்டுக் கொள்வோம்.

மூன்று: ஒரு மாதமாகக் கடைக்கு வராத பழைய வாடிக்கையாளர்கள் பத்துப் பேரின் பெயரை எழுதுவோம். வழியில் பார்க்கும்போது, 'கடைப் பக்கம் காணோமே, வீட்டில் எல்லோரும் சௌக்கியமா?' என்று கேட்போம். சரக்கைப் பற்றிப் பேச வேண்டாம். குறை இருந்தால் அவர்களே சொல்வார்கள். அந்தக் குறைதான் நமக்கு இலவசமாகக் கிடைக்கும் ஆலோசனை.

மாதக் கடைசியில் நோட்டை எடுத்து வைத்து, முடிந்தால் வீட்டுப் பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக் கொண்டு கணக்கைக் கூட்டிப் பாருங்கள். கடையைப் பற்றி அவர்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொல்லுங்கள். கணக்கு புரிந்த பிள்ளைக்குத்தான் கடையின் மேல் பிடிப்பு வரும்.

வாழ்க வணிகர் ஒற்றுமை! வளர்க நம் வணிகம்!